அம்மா கட்டிலுக்கு மேல ஓடுற ஃபேன்

2024 சித்திரை மாசம். பூவன் வாழைக்குத் தண்ணி கட்டிட்டு, மோட்டாரை நிறுத்திட்டு வீட்டுக்கு வரும்போது ராத்திரி மணி பதினொன்னரை. அந்த நேரத்துலயும் சட்டை முதுகோட ஒட்டியிருந்துச்சு. காவேரி ஒரு பக்கம், கொள்ளிடம் ஒரு பக்கம், நடுவுல நாங்க. ஆனா ரெண்டு ஆத்துலயும் மணல் மட்டும்தான் கிடந்த வருஷம் அது. ஆத்துல தண்ணி இல்லாத வருஷம் காத்துலயும் ஈரம் இருக்காதுன்னு எங்கப்பா சொல்லுவாரு.

திண்ணையில உக்காந்து கால் கழுவிக்கிட்டிருக்கேன். உள்ள கூடத்துல இருந்து ஒரு சத்தம். டொக்... டொக்... டொக். நின்னு நின்னு வருது. மரத்துல சுத்தியால லேசா தட்டுற மாதிரி. எட்டிப் பாத்தா அம்மா கட்டில்ல தூங்குறாங்க. நேரா மேல ஃபேன் சுத்துது. சுத்துற வட்டம் சரியில்ல. தண்டு லேசா ஆடுது.

நான் சுவிட்ச்சை அணைச்சேன். அடுத்த நிமிஷம் அம்மா முழிச்சுட்டாங்க. "ஏண்டா பெரியவனே, கரண்டு போயிருச்சா?"

"இல்லம்மா, ஃபேன்ல சத்தம் வருது."

"அது ஒரு மாசமா வருது. நீ இப்பத்தான் கேக்குறியா? போட்டு விடுடா, வேகுது."

ஒரு மாசமா வருதாம். எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கம் போச்சு. அம்மா கட்டிலை ஓரமா இழுத்துப் போட்டு, எங்க அறையில இருந்த மேசை ஃபேனைக் கொண்டாந்து வச்சுட்டு, விடியட்டும்னு உக்காந்திருந்தேன்.

அந்த ஃபேன் கதையைக் கொஞ்சம் சொல்லணும். ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் கட்டி முடிச்சு கும்பாபிஷேகம் நடந்தது 1987 மார்ச் மாசம். 236 அடி கோபுரம். அது பாக்க ஊர் ஊரா ஜனம் வந்துச்சு. எந்த வீட்டுலயும் விருந்தாளி, எந்த சத்திரத்துலயும் பந்தி. வாழை இலைக்கு அந்த மாதிரி கிராக்கி நான் அதுக்கு முன்னாடியும் பாக்கல, பின்னாடியும் பாக்கல. அப்பா சைக்கிள்ல நாலு நடை, அஞ்சு நடை இலைக்கட்டு கொண்டுபோயி போட்டாரு. அந்தக் காசுல வாங்குனதுதான் இந்த ஃபேன். கல்கத்தாவுல செஞ்சது. 48 அங்குலம், மூணு இறக்கை, பழுப்பு கலரு. மெயின்கார்டு கேட் பக்கம் ஒரு கடையில வாங்கி, சாக்குல சுத்தி, ஒன்னாம் நம்பர் பஸ்ஸுல மடியில வச்சுக்கிட்டு வந்தாரு. எடை ஏழெட்டு கிலோ இருக்கும், ஒரு சின்ன பூவன் தார் மாதிரி. எங்க தெருவுல மூணாவது ஃபேன் அது. அப்பா 2003ல போயிட்டாரு. ஃபேன் இருக்கு.

எங்களுது ஓட்டு வீடு. கூடத்துக்கு மேல பலகை மச்சு, அதுக்கு மேல சீமை ஓடு. உத்தரம் தேக்கு. அந்த உத்தரத்துல ஓட்டை போட்டு, கொல்லர் பட்டறையில அடிச்ச இரும்புக் கொக்கியை மாட்டி, மேல பக்கம் நட்டு போட்டு இறுக்கியிருந்தாரு வயர்மேன். கொக்கி அரை அங்குலக் கம்பி. யானையைக் கட்டினாலும் தாங்கும்னு அப்ப சொன்னாரு.

காலையில மூங்கில் ஏணியைப் போட்டு ஏறுனேன். மேல இருக்குற மூடிக் கிண்ணத்தைக் கீழ இறக்கினா, ஒரு கைப்பிடி தூசியும் பல்லி முட்டையும் கொட்டுச்சு. அப்புறம் கொக்கியைப் பாத்தேன். ஒரு நிமிஷம் ஏணியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நின்னுட்டேன்.

அரை அங்குலக் கம்பி, வளைவுல பாதிகூட இல்ல. கத்தியால சீவின மாதிரி தேஞ்சு போயிருக்கு. தேஞ்ச இடம் பளபளன்னு மின்னுது. கொக்கியில மாட்டுற இடத்துல ஒரு ரப்பர் உருளை இருக்கும் பாருங்க, அதுக்கு நடுவுலதான் போல்ட்டு போகும். ஃபேனோட எடையைத் தாங்குறதும், அதிர்ச்சியை வாங்கிக்கிறதும் அந்த ரப்பர்தான். அது எப்பவோ பொடிப்பொடியா உதிர்ந்து போச்சு. அதுக்கப்புறம் இரும்பு போல்ட்டு இரும்புக் கொக்கி மேல, ஒவ்வொரு சுத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமா அரைச்சுக்கிட்டே இருந்திருக்கு. வருஷக்கணக்கா.

அதோட போகல. அந்த போல்ட்டுக்கு நட்டு போட்டு, நட்டு கழண்டு வராம இருக்க ஒரு பின் குத்தியிருக்கணும். ரெண்டு காலு உள்ள பின், குத்திட்டு காலை விரிச்சு விடுவாங்க. அந்த இடத்துல பின் இல்ல. கட்டுக்கம்பி சுத்தியிருந்துச்சு. தார் தொங்கவிடுற, பந்தல் கட்டுற அதே கட்டுக்கம்பி. துருப்பிடிச்சு, பாதி அறுந்து.

யாரு சுத்துனதுன்னு யோசிக்க வேண்டியதே இல்ல. நான்தான். 2011ல பேரிங் மாத்தி திரும்ப மாட்டும்போது பின் கீழ விழுந்து எங்கயோ ஓடிருச்சு. "அப்புறம் வாங்கிப் போட்டுக்கலாம்"னு கம்பியைச் சுத்துனேன். அந்த அப்புறம் பதிமூணு வருஷமா வரல. அம்மா அதுக்கடியில பதிமூணு வருஷமா தூங்கியிருக்காங்க.

இதை எழுத எனக்கு வெக்கமாத்தான் இருக்கு. ஆனா இதைப் படிக்கிறவங்க வீட்டுலயும் கட்டில் ஃபேனுக்கு நேர் கீழதான் கிடக்கும். ஒரு தடவை ஏறிப் பாருங்கன்னு சொல்றதுக்குத்தான் எழுதுறேன்.

தம்பிக்குப் போன் போட்டேன். அவன் ஸ்ரீரங்கத்துல கீழ அடையவளஞ்சான் தெருவுல குடியிருக்கான். இலை யாவாரம். நான் அறுத்து அனுப்புறேன், அவன் விக்கிறான். "அண்ணே, எதையும் தொடாத. நான் வந்துர்றேன்"னான். அப்புறம் ஒரு வார்த்தை சேத்துச் சொன்னான். "மெயின் கட்டையைக் கழட்டி வையி."

அவன் அப்படிச் சொன்னதுக்குக் காரணம் இருக்கு.

நான் பத்தாவது வரைக்கும் படிச்சவன். படிக்கும்போதே ரெண்டு கோடை லீவுல எங்க ஊரு வயர்மேனுக்கு எடுபிடியா போனேன். மரச்சட்டம் அடிச்சு, அதுல தகரக் கிளிப்பு வச்சு வயர் இழுக்குற காலம் அது. கொஞ்சம் கத்துக்கிட்டேன். கொஞ்சம் கத்துக்கிட்டவன்தான் ஆபத்து, அது எனக்கு அப்ப தெரியல. ஊருல யாரு வீட்டுல பியூஸ் போனாலும் என்னைத்தான் கூப்புடுவாங்க. எனக்கும் அது பெருமையா இருந்துச்சு.

1996ல கூடத்து சுவிட்ச் போர்டு செல்லரிச்சுப் போச்சு. நானே புதுப் போர்டு வாங்கி, அம்மாவுக்குக் கை எட்டுற மாதிரி கட்டில் பக்கத்துல மாத்தி வச்சேன். பழைய வயர் ரெண்டும் ஒரே கருப்பு. எது பேஸு, எது நியூட்ரல்னு டெஸ்டர் வச்சுப் பாத்திருக்கணும். பாக்கல. ஏதோ ஒன்னுல சுவிட்ச்சைக் கோத்தேன். போட்டா சுத்துச்சு, அணைச்சா நின்னுச்சு. வேற என்ன வேணும்?

வேற என்ன வேணும்ங்கறது தீபாவளிக்கு முன்னாடி வாரம் தெரிஞ்சுது. தம்பி ஃபேன் துடைக்க ஏறுனான். இரும்பு ஸ்டூலு. தரையை அப்பத்தான் கழுவி விட்டிருந்தாங்க, ஈரம். செருப்பு இல்ல. சுவிட்ச்சை அணைச்சுட்டுத்தான் ஏறுனான். ஈரத்துணியோட ஃபேன் உடம்பைப் பிடிச்சான். ஒரு சத்தம் போட்டான், அவ்வளவுதான். கை ஒட்டிக்கிச்சு. ஸ்டூலு சாஞ்சு கீழ விழுந்ததுல கை விட்டுருச்சு. விழுந்ததாலதான் பொழச்சான். ஆனா இடுப்புப் பக்கம் தொடை எலும்பு முறிஞ்சு போச்சு.

நடந்தது என்னன்னா, நான் சுவிட்ச்சை நியூட்ரல்ல கோத்திருக்கேன். அப்படிக் கோத்தா சுவிட்ச் அணைஞ்சிருந்தாலும் ஃபேனுக்குள்ள பேஸ் கரண்டு வந்து நின்னுக்கிட்டுத்தான் இருக்கும். சுத்தாது, ஆனா உயிரோட இருக்கும். ஒன்பது வருஷப் பழைய காயில், உள்ள தூசியும் ஈரமும் சேந்து லேசா உடம்புல கசிஞ்சிருக்கு. எர்த் வயர் கிடையாது. கசிஞ்ச கரண்டுக்குப் போக வழி இல்ல. வழியா என் தம்பி கிடைச்சான்.

அஞ்சு மாசம் படுக்கை. எழுந்து நடந்தப்ப ஒரு கால் லேசா இழுத்துச்சு, இன்னும் இழுக்குது. தார் சுமக்க முடியாது, சேத்துல இறங்கி நிக்க முடியாது. அதுனாலதான் அவன் இலை யாவாரத்துக்குப் போனான். ஊருல கேக்குறவங்ககிட்ட "கால் வழுக்கி விழுந்துட்டேன்"னுதான் இன்னிக்கும் சொல்லுவான். என்னை ஒரு வார்த்தை சொன்னதில்ல. அது எனக்கு இன்னும் கஷ்டம்.

அந்த ஃபேனைத் தூக்கிப் போட்டுரலாம்னு நான் நின்னேன். அம்மா விடல. "ஃபேன் என்னடா பண்ணும்? மாட்டுனவன் தப்பு"ன்னாங்க. ரீவைண்டிங் கடையில கொடுத்து காயில் புதுசா கட்டி, வேற வயர்மேனை வச்சு சுவிட்ச்சைப் பேஸ்ல மாத்தி திரும்ப மாட்டுனோம். அதே உத்தரம், அதே கொக்கி.

அன்னியிலேருந்து தம்பிக்கு ஒரு பழக்கம். எங்க வீட்டுல கரண்டு வேலைன்னா, மெயின் பியூஸ் கட்டையை அவன் கழட்டி சட்டைப் பையில போட்டுக்குவான். வேலை முடியற வரைக்கும் யாருகிட்டயும் தரமாட்டான். சுவிட்ச்சை நம்பமாட்டான், டெஸ்டரையும் நம்பமாட்டான். டெஸ்டர் பழுதா இருந்தா எரியாது, எரியலைன்னா கரண்டு இல்லன்னு நினைச்சுக்குவோம். அதனால கரண்டு இருக்குற இடத்துல முதல்ல வச்சு டெஸ்டர் எரியுதான்னு பாத்துட்டு, அப்புறம்தான் வேலை பாக்குற இடத்துல வச்சுப் பாக்கணும். இது அவன் எனக்குச் சொல்லிக் கொடுத்தது.

ஒன்பது மணிக்கு தம்பி வந்தான். பியூஸ் கட்டை பைக்குள்ள போச்சு. ரெண்டு பேருமா ஃபேனைக் கீழ இறக்குனோம். இறக்கும்போது அந்தக் கட்டுக்கம்பியை அவன் பாத்தான். என்னைப் பாத்தான். ஒன்னும் கேக்கல. கம்பியை வெட்டி எடுத்து ஜன்னல் மேல வச்சான்.

கொக்கியை என்ன பண்றதுங்கறதுல கொஞ்சம் பேச்சு ஓடுச்சு. அவன் வீடு மெட்ராஸ் டெரஸ். மரக்கட்டைக்கு மேல செங்கலைச் செருகி, சுண்ணாம்பு போட்டு எழுப்புன பழைய மாடி. அங்க கொக்கி கட்டையிலதான் போடணும், கட்டையைச் சுத்திப் பிடிக்கிற மாதிரி பட்டை அடிச்சு மாட்டணும். நடுவுல செங்கல்ல ஓட்டை போட்டு மாட்டுனா என்னிக்காவது செங்கலோட வரும். எங்க உத்தரம் நல்லா இருக்கு, கரையான் இல்ல. அதனால அதே ஓட்டையில புதுக் கொக்கி. இதைத் தவிர, தண்டுல இருந்து உத்தரத்துக்கு ஒரு கம்பிக் கயிறு தனியா சுத்தி கிளாம்பு போட்டோம். கொக்கி அறுந்தாலும் ஃபேன் ஒரு சாண் இறங்கி தொங்கும், தலையில விழாது. கிணத்து மோட்டாரைத் தொங்கவிடும்போது குழாயை மட்டும் நம்பாம கயிறும் கட்டுறோம் இல்ல, அதே கணக்குதான். மோட்டாருக்குக் கட்டத் தெரிஞ்ச எனக்கு, அம்மா தலைக்கு மேல கட்டத் தோணல பாருங்க.

ரப்பர் உருளை, போல்ட்டு, நட்டு, பின்னு எல்லாம் சேத்து நூறு ரூபா ஆகல. காந்தி மார்க்கெட் போறப்ப வாங்கிட்டு வந்தான். பின்னு மட்டும் பத்து வாங்கியிருந்தான். ஒன்பதை ஒரு டப்பாவுல போட்டு போர்டு மேல வச்சுட்டான்.

ஃபேனைப் பிரிச்சு பாத்ததுல பேரிங் ரெண்டும் நல்லாவே இருந்துச்சு. எங்க ஃபேனுக்கு மேல ஒன்னு, கீழ ஒன்னு, 6202ம் 6201ம். ரெண்டு பக்கமும் மூடி போட்டது, கிரீஸ் உள்ளயே இருக்கும். இதுல எண்ணெய் விடக் கூடாது. எங்கம்மா ஒரு தடவை சத்தம் வருதுன்னு பக்கத்து வீட்டுப் பையனை ஏத்தி தேங்காய் எண்ணெய் விடச் சொல்லிட்டாங்க. எண்ணெய் வழிஞ்சு காயில்ல இறங்கி, தூசி ஒட்டி, அதுக்குத்தான் 2011ல பேரிங் மாத்த வேண்டி வந்துச்சு.

மெதுவா சுத்துற ஃபேனுக்கு முக்காவாசி கன்டென்சர்தான் காரணம். நம்ம ஆளுங்களுக்குக் கன்டென்சரைச் சொல்லித் தரவேண்டியதில்ல, ரெண்டு பேஸுல மூணு பேஸ் மோட்டார் ஓட்டிப் பழகுனவங்க. ஃபேனுக்குள்ள ரெண்டு காயில் இருக்கு. ஒன்னு நேரா கரண்டு வாங்கும், இன்னொன்னு கன்டென்சர் வழியா கொஞ்சம் முந்தி வாங்கும். அந்த முந்தல் பிந்தல்லதான் சுத்து பிறக்குது. கன்டென்சர் பலம் குறைஞ்சா தள்ளிவிட ஆளில்லாத ஊஞ்சல் மாதிரி ஆயிரும். கையால தள்ளிவிட்டா சுத்தும், தானா கிளம்பாது. மேல என்ன நம்பர் போட்டிருக்கோ, 2.25ஓ 2.5ஓ 3.15ஓ, அதே நம்பர் வாங்கிப் போடணும். பெருசா போட்டா வேகமா ஓடும்னு போட்டு காயிலைக் கருக்குனவங்களை எனக்குத் தெரியும். மாத்துனதுக்கப்புறம் ஃபேன் தலைகீழா சுத்துனா வயர் இடம் மாறிப்போச்சுன்னு அர்த்தம். கீழ இருந்து பாத்தா கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கமா சுத்தணும். அப்பத்தான் காத்து கீழ வரும்.

ஆனா மாலை ஆறு மணிக்கு மட்டும் ஃபேன் மெதுவா சுத்துனா அது கன்டென்சர் இல்ல, வோல்டேஜ். 230 வரவேண்டிய இடத்துல 180 வந்தா யாரு என்ன பண்ண முடியும்?

இறக்கை ஆடுறதுக்கு எங்க தெருவுல செய்யுற வைத்தியம் இறக்கையை வளைக்கிறது. அதைச் செய்யாதீங்க. ஒரு குச்சியைச் சுவத்துல சாத்தி, ஒவ்வொரு இறக்கை நுனியும் குச்சிக்கு எவ்வளவு தூரத்துல போகுதுன்னு கையால மெதுவா சுத்திப் பாத்தா எது தாழ்ந்திருக்குன்னு தெரியும். திருகு தளர்ந்திருந்தா இறுக்குனாலே பாதி சரியாயிரும். ஒரு ஃபேன் இறக்கையை இன்னொரு ஃபேனுக்குப் போடக் கூடாது. மூணும் எடை பாத்து சேத்து அனுப்புறது. துடைக்கிறதுக்குப் பழைய தலையணை உறையை இறக்கையில மாட்டி இழுங்க, தூசி கட்டில்ல கொட்டாது. இது என் வீட்டுக்காரம்மா கண்டுபிடிப்பு, அதையும் எழுதுங்கன்னு சொன்னாங்க.

மத்தியானத்துக்குள்ள ஃபேன் மேல ஏறிருச்சு. சுத்துச்சு, சத்தமே இல்ல. ஆனா அம்மா, "காத்து அனலா வருதுடா, முன்னமும் இப்படித்தான்"னாங்க.

அப்பத்தான் மச்சு ஞாபகம் வந்துச்சு. ஏறிப் பாத்தா மூச்சு விட முடியல. தெர்மாமீட்டர் ஒன்னு கட்டித் தொங்கவிட்டேன், மூணு மணிக்கு 47 காட்டுச்சு. கீழ கூடத்துல 38. ஃபேன் காத்தை உண்டாக்காது, இருக்குற காத்தைத்தான் தள்ளும். வேர்வையைக் காயவச்சு நமக்குக் குளுமை தெரியவைக்கும். மச்சுப் பலகை சூடேறி, அதுக்குக் கீழ இருக்குற காத்தும் சூடேறி, அதை ஃபேன் அம்மா மேல இறக்கிக்கிட்டிருந்துச்சு.

அப்பா காலத்துல இப்படி இல்லையேன்னு யோசிச்சேன். அப்ப ஓட்டுச் சந்து வழியா சூடு போயிரும். நான்தான் குரங்கு ஓட்டை உடைச்சு மழை ஒழுகுதுன்னு, ஓட்டுக்கு அடியில தேர்தல் பிளெக்ஸை வாங்கி முழுக்க விரிச்சுட்டேன். மழை நின்னுச்சு. சூடும் உள்ளயே நின்னுருச்சு. திருவானைக்கோவில் சன்னதியில ஒன்பது துளை ஜன்னல் வழியாத்தான் சாமியைப் பாக்கணும், அந்த உள்ளறைப் புழுக்கம் தெரிஞ்சவங்களுக்கு எங்க மச்சு எப்படி இருந்திருக்கும்னு புரியும்.

ஓட்டுக்குக் கீழ ரெண்டு பக்கமும் முக்கோணச் சுவரு இருக்கு. மேக்குச் சுவத்துல உச்சிக்குப் பக்கத்துல ஓட்டை போட்டு 12 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் வச்சோம், காத்தை வெளிய தள்ளுற மாதிரி. அதை மட்டும் வச்சா போதாது. வெளிய போற காத்துக்குப் பதிலா உள்ள வர வழி வேணும். கிழக்குச் சுவத்துல, தாழ்வா, அதைவிடப் பெரிய ஓட்டை போட்டு அணில் எலி வராம கம்பிவலை அடிச்சோம். ஒரு பக்கம் மட்டும் திறந்து வச்சு ஃபேன் சரியில்லைன்னு சொல்றவங்க நிறைய பேரு.

மச்சுல வயர் இழுக்கும்போது தம்பி ரொம்பக் கறார். அங்க இருந்த வைக்கோல், தேங்கா மட்டை, பழைய கயிறு எல்லாத்தையும் இறக்கச் சொன்னான். விதை மூட்டை மட்டும் சுவரோரம். ஆளு எட்டிப் பாக்காத இடத்துல வயர்ல எலி வாய் வச்சு ஒரு பொறி பறந்தா, கீழ தெரியிறதுக்குள்ள ஓடு இறங்கிரும். பிளாஸ்டிக் பைப்புக்குள்ள செம்பு வயர், ஒன்றரை சதுர மில்லி, நடுவுல எங்கயும் ஒட்டு கிடையாது. ஒட்டு போட்டே ஆகணும்னா திறந்து பாக்குற பெட்டிக்குள்ள. இந்த ஃபேனுக்குன்னு தனியா 6 ஆம்பியர் எம்.சி.பி. கீழ சுவிட்ச், அதுல சிவப்பு லைட்டு. மேல ஓடுதா நிக்குதான்னு கீழயே தெரியணும்.

அப்புறம் பழைய பியூஸ் கட்டையைத் திறந்து பாத்தோம். மெல்லிசு கம்பி போடவேண்டிய இடத்துல நாலு இழை செம்பு முறுக்கிப் போட்டிருந்துச்சு. இது நான் இல்ல. ஆனா பியூஸ் அடிக்கடி போகுதுன்னு இதைப் பண்ணாத வீடு எங்க ஊருல எத்தனை இருக்கும்?

மறுநாள் அதே மூணு மணிக்கு மச்சுல 41. கீழ 35ஓ 36ஓ. பெரிய குளிர்ச்சி இல்ல. ஆனா ராத்திரி பத்து மணிக்கு அம்மா போர்வை கேட்டாங்க. மத்தியானம் ரெண்டுல இருந்து ராத்திரி எட்டு வரைக்கும்தான் அதை ஓட்டுறது. அதுக்கப்புறம் வெளிக்காத்தே போதும்.

கரண்டு செலவைப் பத்தி என் வீட்டுக்காரம்மா கேட்டாங்க, நீங்களும் கேப்பீங்க. பழைய ஃபேன் 75 வாட்டு. ஒரு நாளைக்கு இருபது மணி நேரம் ஓடுனா ஒன்றரை யூனிட். ரெண்டு மாசத்துக்கு 90 யூனிட். 2024ல நமக்கு இலவசமா வந்த 100 யூனிட்டை இந்த ஒரு ஃபேனே கிட்டத்தட்ட தின்னுருச்சு. இப்ப வர்ற பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட்டு பக்கம், அதே கணக்குக்கு 36 யூனிட்தான். எங்க அறையிலயும் மருமக அறையிலயும் அதுதான் மாட்டியிருக்கு. வோல்டேஜ் குறைஞ்சாலும் வேகம் குறையாது. 2012ல நாள்பூரா கரண்டு போனப்ப வாங்குன இன்வெர்ட்டர்ல போட்டாலும் பழைய ஃபேன் மாதிரி உறுமாது. குறை என்னன்னா, உள்ள இருக்குற எலெக்ட்ரானிக் போர்டு போயிட்டா நம்மால ஒன்னும் பண்ண முடியாது. சுவத்துல இருக்குற பழைய ரெகுலேட்டரையும் எடுத்துரணும், அது வழியா குடுத்தா போர்டு கெடும்.

அம்மா ஃபேனை மாத்தல. மாத்தச் சொல்லிக் கேட்டேன். "உங்கப்பா மடியில வச்சுக் கொண்டாந்தது. நான் போனதுக்கப்புறம் என்னமோ பண்ணிக்கங்க"ன்னுட்டாங்க. ரீவைண்டிங் கடையில லைட்டு வச்சு சோதிச்சு, கசிவு இல்லைன்னு சொன்னாங்க. அதனால ஓடட்டும்னு விட்டாச்சு. ஆனா கட்டிலை ரெண்டு அடி வடக்க நகத்திட்டோம். அதுக்கு ஒரு நாள் முழுக்க சண்டை.

இனி எதை நான் செய்யறது, எதை செய்யக் கூடாதுங்கறதை தம்பிதான் முடிவு பண்ணிட்டான். துடைக்கிறது, திருகு இறுக்குறது, கன்டென்சர் மாத்துறது என் வேலை. போர்டு, மெயின், எர்த்து எதையும் தொடக் கூடாது. அதுக்கு லைசென்ஸ் உள்ள ஆளு வருவாரு. வந்தாரு. வீட்டுக்குப் பின்னாடி குழி எடுத்து எர்த் போட்டு, பச்சை வயரை ஃபேன் உடம்பு வரைக்கும் இழுத்து, மெயின்ல ஒரு ஆர்.சி.சி.பி. வச்சுக் குடுத்தாரு. போற கரண்டும் திரும்புற கரண்டும் சமமா இருக்கான்னு அது பாத்துக்கிட்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தா கண்ணிமைக்கிறதுக்குள்ள அணைச்சுரும். அதுல ஒரு சின்ன பட்டன் இருக்கு, மாசம் ஒரு தடவை அமுக்கி அது விழுதான்னு பாக்கணும். விலையைச் சொன்னாரு. ரெண்டு நாள் இலைக்காசு. 1996ல அது எங்க வீட்டுல இருந்திருந்தா தம்பி ஒரு உதறலோட இறங்கி வந்திருப்பான்.

அவர் வேலை பாத்துக்கிட்டிருந்தப்ப தம்பி திண்ணையில உக்காந்து காபி குடிச்சுக்கிட்டிருந்தான். அன்னிக்கும் பழைய பியூஸ் கட்டை அவன் சட்டைப் பையில. வேலை முடிஞ்சு எலெக்ட்ரீசியன், "அண்ணே, இனிமே அது தேவையில்ல, எம்.சி.பி. போட்டாச்சு. தூக்கிப் போட்டுருங்க"ன்னாரு. தம்பி தலையை ஆட்டுனான். ஆனா தூக்கிப் போடல. சாயங்காலம் பைக்கை எடுக்கும்போது பாத்தேன், பை இன்னும் புடைச்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு.

அந்தக் கட்டுக்கம்பி இன்னும் ஜன்னல் மேலயே கிடக்கு. நானும் எடுக்கல, அவனும் எடுக்கல.